ஊசி முனையில் ஓர் அமானிதம்
(வாய்க் காயங்களுக்குத் தையலிடும் கலையின் வரலாறும் நமது கடமையும்)

 



தொழுகை, நோன்பு, ஜகாத் பற்றியெல்லாம் பேச வேண்டிய இப்பக்கங்களில், பல் மருத்துவர் கையில் பிடிக்கும் ஊசியையும் நூலையும் பற்றி ஓர் இமாம் எழுதலாமா என்று சிலர் எண்ணக்கூடும். இதை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியை முதலில் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அதில் என் பிழையும் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் குரும்பலூரில் நம் மஹல்லாவைச் சேர்ந்த வயது முதிர்ந்த தாய் ஒருவர் கடைவாய்ப் பல் வலியால் இரவெல்லாம் உறங்காமல் தவித்தார். அவருடைய மகன் சுபுஹு தொழுகைக்குப் பின் என்னிடம் வந்து, "ஹஜ்ரத், எங்கே அழைத்துச் செல்வது?" என்று கேட்டார். கூலி வேலை செய்யும் குடும்பம். செலவு குறையட்டும் என்ற எண்ணத்தில், சந்தைக்கு வந்து பல் பிடுங்கும் ஒருவரைக் குறிப்பிட்டு, "அவரிடம் போங்கள், கை ராசியானவர் என்கிறார்கள்" என்று சொல்லிவிட்டேன்.

பல் பிடுங்கப்பட்டது. ஆனால் இரத்தம் நிற்கவில்லை. அந்தத் தாய் இதய நோய்க்காக இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டு வருபவர். பல்லைப் பிடுங்கியவர் அதைக் கேட்கவில்லை. அனுப்பி வைத்த நானும் கேட்கவில்லை. மறுநாள் விடியும்போது தலையணை முழுவதும் இரத்தம். பெரம்பலூர் அரசு மருத்துவமனைக்கு ஆட்டோவில் கொண்டு சென்றோம். அங்கே பணியில் இருந்த இளம் பெண் மருத்துவர் ஒருவர் காயத்தைக் கழுவி, பஞ்சுத் துணியை வைத்து அழுத்தி, ஈறின் இரு ஓரங்களையும் இணைத்துக் குறுக்காகத் தையலிட்டார். சிறிது நேரத்தில் இரத்தம் நின்றது. வெளியே வந்த அவர் என்னைப் பார்த்து, "ஐயா, பல்லை எடுக்கப் பலருக்குத் தெரியும். எடுத்த இடத்தைப் பாதுகாப்பாக மூடி அனுப்பத்தான் நாங்கள் வருடக்கணக்கில் படிக்கிறோம்" என்றார்.

அந்தச் சொல் என் உள்ளத்தில் தைத்தது. மிம்பரில் நின்று அமானிதத்தைப் பற்றி எத்தனையோ முறை பேசியவன் நான். ஒருவர் என்னிடம் ஆலோசனை கேட்டபோது அதுவும் ஓர் அமானிதம் என்பதை மறந்துவிட்டேன். அதன் பின்னர்தான் இந்தக் கலையின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, இது நம் வீட்டுச் சொத்தாக இருந்து நாமே மறந்துபோன ஒன்று என்பது விளங்கிற்று.

உஹதுக் களத்தில்

ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு நடைபெற்ற உஹதுப் போரை நாம் அனைவரும் அறிவோம். அன்று நாயகம் (ஸல்) அவர்களின் திருமுகம் காயமுற்றது, தலைக்கவசம் நொறுங்கியது, முன்வரிசைப் பற்களுள் ஒன்று உடைந்தது. அருமை மகளார் ஃபாத்திமா (ரலி) அவர்கள் காயத்தைக் கழுவ, அலீ (ரலி) அவர்கள் கேடயத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். தண்ணீர் ஊற்ற ஊற்ற இரத்தம் அதிகமாவதைக் கண்ட ஃபாத்திமா (ரலி) அவர்கள், பாய்த் துண்டு ஒன்றை எரித்துச் சாம்பலாக்கி அதைக் காயத்தின் மீது வைத்தார்கள். இரத்தம் நின்றது. ஸஹ்ல் பின் ஸஅத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரியில் இடம்பெற்றுள்ளது.

நாயகத்தின் கன்னத்தில் பதிந்துவிட்ட கவச வளையங்களை அபூஉபைதா (ரலி) அவர்கள் தம் பற்களால் கடித்து இழுத்து எடுத்ததையும், அதில் தம் முன்பற்களை இழந்ததையும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. முகத்திலும் வாயிலும் ஏற்படும் காயத்தை எவ்வாறு கையாள்வது என்ற கேள்வி, இவ்வாறு நம் வரலாற்றின் தொடக்கத்திலேயே எழுந்துவிட்டது.

இங்கே ஒன்றைச் சிந்திக்க வேண்டும். அல்லாஹ்வின் தூதருக்கே காயம் ஏற்பட்டபோது, வீட்டார் துஆவுடன் நிறுத்திக்கொள்ளவில்லை. முதலில் கழுவினார்கள், அது பயன் தராததைக் கண்டு, அன்று அறியப்பட்டிருந்த வேறொரு முறைக்கு மாறினார்கள். நோயாளியைப் பார்த்து, விளைவைக் கவனித்து, முறையை மாற்றுவது மருத்துவத்தின் அடிப்படை.

பொன் மூக்கும் பொன் கம்பியும்

அர்ஃபஜா பின் அஸ்அத் (ரலி) என்ற தோழர், அறியாமைக் காலத்தில் நடந்த குலாப் போரில் மூக்கை இழந்தவர். வெள்ளியால் மூக்கு செய்து பொருத்திக்கொண்டார். அது துர்நாற்றம் வீசத் தொடங்கியது. நாயகம் (ஸல்) அவர்கள் தங்கத்தால் செய்துகொள்ளுமாறு அவருக்கு வழிகாட்டினார்கள். அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் இது பதிவாகியுள்ளது.

ஆண்களுக்குத் தங்கம் தடுக்கப்பட்டிருந்தும், மருத்துவத் தேவைக்காக இந்தச் சலுகை கிடைத்தது. இதை வைத்து ஃபிக்ஹு மேதைகள் பல்லைப் பற்றியும் ஆராய்ந்தார்கள். ஆடும் பல்லைக் கம்பியால் கட்டலாமா? வெள்ளிக் கம்பியால் கட்டலாம், தங்கம் வேண்டாம் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. தங்கத்தாலும் கட்டலாம் என்பது அவர்களின் மாணவர் இமாம் முஹம்மத் (ரஹ்) அவர்களின் கருத்து. மதரஸாவில் ஹிதாயா ஓதும்போது இந்தச் சர்ச்சையை நாங்கள் வாசித்திருக்கிறோம். அன்று அது வெறும் பாடமாகத் தோன்றியது. அந்த வரிகளுக்குப் பின்னால் வலியோடு வாயைப் பொத்திக்கொண்டு வந்து தீர்வு கேட்ட மனிதர்கள் இருந்தார்கள் என்பது இப்போதுதான் புரிகிறது.

இந்தியாவிலிருந்து பாக்தாதுக்கு

தையலிடும் கலையை முறையாகக் கற்பித்த பழைய ஆசான்களுள் நம் நாட்டின் சுஸ்ருதர் முக்கியமானவர். அவர் பெயரால் வழங்கும் சமஸ்கிருத நூலில் ஊசிகளின் வகைகளும், நாரும் முடியும் உள்ளிட்ட நூல்களின் வகைகளும் சொல்லப்பட்டுள்ளன. அதைவிட வியப்பானது அந்நூல் வகுத்த பயிற்சி முறை. மாணவன் நேரடியாக மனித உடலில் கை வைக்கக் கூடாது. பூசணி, சுரை, வெள்ளரி போன்றவற்றில் வெட்டிப் பழக வேண்டும். இறந்த விலங்குகளின் பற்களைப் பிடுங்கிப் பழக வேண்டும். மெல்லிய துணி, தடித்த துணி, மென்மையான தோல் ஆகியவற்றின் ஓரங்களை இணைத்துத் தையலிட்டுப் பழக வேண்டும். எல்லா நூல்களையும் மனப்பாடம் செய்தவனாயினும் கைப்பயிற்சி இல்லாதவன் தொழிலுக்குத் தகுதியற்றவன் என்பது அந்நூலின் முடிவு.

கலீஃபா ஹாரூன் ரஷீத் (ஆட்சிக் காலம் 786 - 809) அவர்களின் காலத்தில், அமைச்சர் யஹ்யா பின் காலித் பர்மகீயின் கட்டளைப்படி, மன்கா என்ற இந்திய மருத்துவர் இந்நூலை அரபியில் விளக்கி வழங்கினார். பாக்தாதின் புத்தக வணிகரான இப்னு நதீம் தமது நூற்பட்டியலில் இதனைக் குறித்து வைத்துள்ளார். பெரும் மருத்துவ மேதை ராஸீயும் தம் நூலில் சுஸ்ருதரை எடுத்தாண்டுள்ளார்.

அறிவு யாரிடம் இருந்தாலும் மரியாதையோடு பெற்றுக்கொண்டார்கள் நம் முன்னோர். இந்திய மருத்துவரை அழைத்துத் தம் மருத்துவமனையில் அமர்த்தி, அவர் மொழியிலிருந்து கற்றார்கள். எடுத்த இடத்தின் பெயரையும் மறைக்கவில்லை.

குர்துபாவின் ஜஹ்ராவீ

இந்தக் கலையை உச்சத்திற்குக் கொண்டுசென்றவர் அபுல் காஸிம் ஜஹ்ராவீ (ரஹ்). ஸ்பெயினின் குர்துபா நகரை ஒட்டிய மதீனத்துஜ் ஜஹ்ராவில் 936ஆம் ஆண்டு பிறந்தவர், 1013இல் மறைந்தவர். அவருடைய 'தஸ்ரீஃப்' என்னும் நூல் முப்பது பாகங்களைக் கொண்டது, ஏறத்தாழ கி.பி. 1000ஆம் ஆண்டில் நிறைவுற்றது. கடைசியான முப்பதாம் பாகம் முழுவதும் அறுவை சிகிச்சைக்கே உரியது. ஏறக்குறைய இருநூறு கருவிகளின் வரைபடங்கள் அதில் உள்ளன. படத்தைப் பார்த்துக் கொல்லர் ஒருவர் கருவியைச் செய்து தரும் அளவுக்கு விளக்கம் அமைந்துள்ளது.

பற்களுக்காக அவர் ஒதுக்கியிருக்கும் பகுதிகள் ஏராளம். பல்லில் படியும் காரையைச் சுரண்டுவதற்கு வெவ்வேறு வடிவில் பதினான்கு சுரண்டிகளை வரைந்துள்ளார். பல்லைப் பிடுங்குமுன் அதைச் சுற்றியுள்ள ஈறை மெல்ல விடுவிக்க வேண்டும் என்கிறார். வலி இடம் மாறித் தெரியும். ஆகவே நோயாளி காட்டும் பல்லை அவசரப்பட்டுப் பிடுங்கிவிடாமல், நோயுற்ற பல் எது என்று உறுதி செய்ய வேண்டும் என எச்சரிக்கிறார். அறிவில்லாத நாவிதர்கள் பல்லைப் பிடுங்கப்போய் வேரை உடைத்து உள்ளேயே விட்டுவிடுவதையும், தாடை எலும்பைச் சேர்த்துப் பெயர்த்துவிடுவதையும் கண்டு அவர் மனம் வருந்தியிருக்கிறார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அவர் எழுதியதைப் படித்தபோது, எங்கள் ஊர்ச் சந்தையும் அந்தத் தாயின் தலையணையும் என் கண்முன் வந்து நின்றன.

ஆடும் பற்களைத் தங்கக் கம்பியால் பிணைக்கும் முறையை அவர் படம் வரைந்து காட்டுகிறார். தங்கம் களிம்பு ஏறாது, வெள்ளி சில நாட்களில் நிறம் மாறிவிடும் என்பது அவர் கூறும் காரணம். அர்ஃபஜா (ரலி) அவர்களுக்குக் கிடைத்த வழிகாட்டுதலோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்! விழுந்த பல்லுக்குப் பதிலாக மாட்டெலும்பைச் செதுக்கிப் பொருத்துவது பற்றியும் எழுதியுள்ளார்.

தையலைப் பற்றி அவர் எழுதியவை இன்னும் நுட்பமானவை. உதடு, மூக்கு, காது ஆகியன கிழிந்தால் என்ன செய்வது என்பதற்கு ஒரு தனி அத்தியாயமே உண்டு. காயம் புதிதாக இருந்தால் இரு ஓரங்களையும் ஒன்று சேர்த்துத் தைக்க வேண்டும். நாள்பட்டு, ஓரங்கள் தனித்தனியே ஆறிப்போயிருந்தால், அவற்றின் மேல்தோலைச் சுரண்டி இரத்தம் கசியச் செய்து, பிறகே இணைக்க வேண்டும். ஆறிய தோல் ஆறிய தோலோடு ஒட்டாது. பச்சைக் காயம்தான் பச்சைக் காயத்தோடு ஒட்டும் என்ற உண்மையை அவர் அறிந்திருந்தார். குடல் கிழிந்தால், பெரிய தலையுடைய எறும்புகளைக் கடிக்கவிட்டு உடலைக் கிள்ளியெறிந்து, தலைகளையே தையலாக விட்டுவிடும் பழைய முறையையும், விலங்கின் குடலிலிருந்து எடுக்கும் மெல்லிய இழையால் தைப்பதையும் குறிப்பிடுகிறார். உடலுக்குள்ளேயே கரைந்துவிடும் குடல்நூல் பின்னாளில் உலகெங்கும் பயன்பட்டது.

தம் நூலின் முன்னுரையில் அவர் ஒரு வேதனையைப் பதிவு செய்கிறார். உடற்கூற்றை அறியாத ஒரு மருத்துவர், பெண்ணொருத்தியின் கழுத்திலிருந்த கட்டியை அறுக்கப்போய், இரத்தக்குழாயை வெட்டிவிட்டதையும், அப்பெண் அவர் முன்னிலையிலேயே இரத்தம் வடிந்து இறந்ததையும் சொல்லி, கற்காமல் கத்தியை எடுக்காதீர்கள் என்று மாணவர்களை எச்சரிக்கிறார். அம்மாணவர்களைத் தம் பிள்ளைகள் என்றே அவர் அழைப்பது உள்ளத்தை நெகிழ வைக்கிறது.

கைமாறிய கலை

பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் தொலேதோ நகரில் ஜெரார்டு என்னும் அறிஞர் இந்த முப்பதாம் பாகத்தை லத்தீன் மொழியில் பெயர்த்தார். ஐரோப்பாவின் அறுவை சிகிச்சையாளர்கள் பல நூற்றாண்டுகள் அதைப் பாடநூலாகக் கொண்டனர். 1465இல் துருக்கியின் அமாஸ்யா நகரைச் சேர்ந்த ஷரஃபுத்தீன் சபுன்ஜுஓக்லு, ஜஹ்ராவீயின் வழியில் துருக்கி மொழியில் அறுவை சிகிச்சை நூல் எழுதி, மருத்துவரும் நோயாளியும் அமர்ந்திருக்கும் நிலைகளை வண்ணப் படங்களாகத் தீட்டினார். பெண் மருத்துவர்களும் அப்படங்களில் காணப்படுகிறார்கள்.

பின்னர் என்ன நடந்தது? நூல்களை நாம் அலமாரியில் வைத்தோம். மற்றவர்கள் மேசையில் விரித்து வைத்தார்கள். 1846 அக்டோபர் 16 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், மோர்ட்டன் என்ற பல் மருத்துவர் ஈதர் ஆவியைக் கொடுத்து, வலி தெரியாத அறுவைக்கு வழி திறந்தார். 1860களில் ஸ்காட்லாந்தில் ஜோசப் லிஸ்டர், காயத்தையும் கருவியையும் நூலையும் கிருமிநாசினியால் தூய்மை செய்யும் முறையைப் புகுத்தினார். இவ்விரண்டும் சேர்ந்த பிறகே தையல் அச்சமற்றதாக ஆயிற்று.

கல்கத்தாவில் ஒரு முஸ்லிம் மருத்துவர்

நம் நாட்டில் பல் மருத்துவக் கல்வியைத் தொடங்கியவர் யார் என்று நம் பிள்ளைகளிடம் கேட்டால் எத்தனை பேர் சொல்வார்கள்? டாக்டர் ரஃபியுத்தீன் அஹ்மத். 1890 டிசம்பர் 24 அன்று கிழக்கு வங்காளத்தில் பிறந்தவர். அலிகாரில் கல்வி கற்றபின் அமெரிக்கா சென்று, 1915இல் அயோவா பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவப் பட்டம் பெற்றார். பாஸ்டன் நகரின் புகழ்பெற்ற ஃபோர்சித் பல் மருத்துவமனையில் பணியாற்றினார். அங்கேயே வசதியாக வாழ்ந்திருக்கலாம். முதல் உலகப் போர் முடிந்ததும் தாயகம் திரும்பினார்.

1920இல் கல்கத்தாவில் இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை நிறுவினார். அதை நடத்தப் பணம்? நியூயார்க் சோடா ஃபவுண்டன் என்ற பெயரில் குளிர்பானக் கடை ஒன்றைத் தொடங்கி, அதன் வருமானத்தைக் கல்லூரிக்குச் செலவிட்டார். சர்பத் விற்ற காசில் பல் மருத்துவர்களை உருவாக்கினார் என்றால் மிகையில்லை. 1925இல் பல் மருத்துவத்திற்கென ஓர் இதழைத் தொடங்கினார். 1928இல் மாணவர்களுக்கான பாடநூலை வெளியிட்டார். 1939இல் வங்காளத்தில் பல் மருத்துவர்களை முறைப்படுத்தும் சட்டம் வருவதற்குப் பாடுபட்டார். அதன் தொடர்ச்சியாக 1948இல் நாடு முழுவதற்குமான பல் மருத்துவர்கள் சட்டம் வந்தது. பயிற்சியற்றவர்கள் மக்களின் வாயில் கை வைக்காதிருக்க அமைந்த வேலி அது.

இறுதியில், தாம் வளர்த்த கல்லூரியை 1949இல் மேற்கு வங்க அரசிடமே ஒப்படைத்துவிட்டார். மாநில அமைச்சராகவும் பணியாற்றிய அவருக்கு 1964இல் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது. 1965இல் வஃபாத்தானார். அவர் பெயரை இன்றும் அக்கல்லூரி தாங்கி நிற்கிறது. அவர் பிறந்த நாள் தேசிய பல் மருத்துவர் தினமாக நினைவுகூரப்படுகிறது. நிலைத்து நிற்கும் நன்மைக்கு, ஸதகத்துன் ஜாரியாவுக்கு, இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேறென்ன வேண்டும்?

நம் மாநிலத்தில் 1953இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகப் பல் மருத்துவக் கல்வி தொடங்கியது. அதுவே பின்னர் அரசு பல் மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. 1980இல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பல் மருத்துவக் கல்லூரி வந்தது. பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிப் பிள்ளைகளுக்கு எட்டாத தொலைவில் இல்லை.

இன்று எவ்வாறு கற்கிறார்கள்?

நம் பகுதியில் பருத்தி மூட்டையையும் சின்ன வெங்காய மூட்டையையும் கோணி ஊசியால் தைப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஒரே சணலை இழுத்துக்கொண்டே போய்க் கடைசியில் முடிச்சிடுவார்கள். நடுவில் ஓரிடத்தில் சணல் அறுந்தால் மூட்டையின் வாய் முழுவதும் தளர்ந்துவிடும். வாய்க்குள் தைக்கும் மருத்துவர் முதலில் கற்பது இதற்கு நேர்மாறான முறையை. ஒவ்வொரு தையலையும் தனித்தனியே போட்டு, தனித்தனியே முடிச்சிட்டு, தனித்தனியே வெட்டிவிடுகிறார். ஒன்று அவிழ்ந்தாலும் மற்றவை காயத்தைப் பிடித்திருக்கும். ஓயாமல் நாக்கு உரசும், எச்சில் ஊறும், உணவு படும் இடமல்லவா அது?

பிறை போல் வளைந்த ஊசியைக் கையால் பிடிப்பதில்லை. இடுக்கி போன்ற பிடிகருவியால் பிடிக்கிறார்கள். முனையிலிருந்து ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தள்ளிப் பிடிக்க வேண்டும். ஈறில் ஊசி செங்குத்தாக இறங்க வேண்டும்; பிறகு ஊசியின் வளைவை ஒட்டி மணிக்கட்டைச் சுழற்ற வேண்டும். நேராகத் தள்ளினால் ஈறு கிழியும். காயத்தின் ஓரத்திலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளிக் குத்த வேண்டும். மிக அருகில் குத்தினால் நூல் சதையை அறுத்துக்கொண்டு வந்துவிடும். அசையும் சதையில் முதலில் குத்தி, அசையாத சதைக்கு ஊசியைக் கொண்டுபோக வேண்டும். முடிச்சு, காயத்தின் மேல் விழாமல் பக்கவாட்டில் அமைய வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது இறுக்கம். புதிதாகக் கற்பவர் இறுக்கிக் கட்டுவதே நல்லது என்று நினைப்பார். இறுக்கினால் அவ்விடத்திற்கு இரத்தம் வராது. சதை வெளுத்து அழுகும். ஓரங்கள் ஒன்றையொன்று தொட்டால் போதும். மீதியை ஆற்றுபவன் அல்லாஹ். பட்டு நூலால் போட்ட தையலைப் பொதுவாக ஐந்து முதல் பத்து நாட்களுக்குள் எடுத்துவிடுவார்கள்.

இவற்றை மாணவர்கள் முதலில் வாழைப்பழத் தோலிலும், கோழித் தோலிலும், கறிக்கடையில் வாங்கிய ஆட்டுத் தலையின் ஈறிலும், மனிதச் சதை போல் செய்யப்பட்ட சிலிக்கான் அட்டைகளிலும் பழகுகிறார்கள். அதன்பின் ஆசிரியர் அருகில் நின்று பார்க்க, நோயாளிக்கு முதல் தையல். துணியிலும் தோலிலும் பழகச் சொன்ன சுஸ்ருதரின் பாடம் இன்றும் மாறவில்லை.

மார்க்கம் காட்டும் தெளிவு

வாசகர்கள் கேட்கும் சில ஐயங்களுக்கும் சுருக்கமாகப் பதில் கூறுகிறேன்.

ஆண்களுக்குப் பட்டு தடுக்கப்பட்டிருக்க, வாயில் பட்டு நூலால் தையல் போடலாமா? தடை உடுத்துவதற்கே உரியது. அதிலும்கூட, உடலில் அரிப்பு இருந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி), ஸுபைர் (ரலி) ஆகிய இருவருக்கும் பட்டாடை அணிய நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதி வழங்கினார்கள். எனவே மருத்துவத் தையலில் தயக்கம் வேண்டாம்.

நோன்பாளிக்குத் தையல் போட்டால்? தையல் போடுவதாலேயே நோன்பு முறிவதில்லை. ஆனால் இரத்தமோ தண்ணீரோ மருந்தோ தொண்டைக்குள் இறங்கும் அச்சம் உண்டு. அவசரமில்லாத சிகிச்சையை இஃப்தாருக்குப் பின்னரோ ரமளானுக்குப் பின்னரோ வைத்துக்கொள்வதே பேணுதல். அவசரமானால் சிகிச்சைக்கே முதலிடம். நோன்பைப் பிறகு களாச் செய்யலாம்.

ஒளூவின்போது வாய் கொப்பளிப்பது? பல் எடுத்த முதல் நாளில் வேகமாகக் கொப்பளித்தால் உறைந்த இரத்தம் பெயர்ந்து மீண்டும் இரத்தம் கசியும் என மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். தீங்கு வரும் என்றிருக்கும்போது மார்க்கம் நம்மை நெருக்குவதில்லை. கடமையான குளிப்பிலும் இச்சலுகை உண்டு. விவரத்தை உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பன்றியின் தாடையில் பயிற்சி? வெளிநாடுகள் சிலவற்றில் அவ்வாறு பழகுகிறார்கள். ஆட்டுத் தலையும் செயற்கை அட்டையும் கிடைக்கும்போது நம் பிள்ளைகள் அவற்றைக் கேட்டுப் பெறட்டும். வேறு வழியே இல்லாத நிலையில், கையுறை அணிந்து கற்று, முறைப்படித் தூய்மை செய்துகொள்ளட்டும். அதற்காகப் படிப்பையே விட்டுவிட வேண்டாம்.

நமது கடமை

மருத்துவம் அறிந்தவர் என்று அறியப்படாத ஒருவர் மருத்துவம் செய்து தீங்கு விளைந்தால், அவரே பொறுப்பாளி என்பது நபிமொழியின் தீர்ப்பு. அபூதாவூத், நஸாயீ ஆகிய நூல்களில் இது உள்ளது. பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே நோயாளிக்குக் கிடைத்த பாதுகாப்பு இது. கை ராசியை மார்க்கம் கேட்கவில்லை, கல்வியைக் கேட்கிறது. ஓர் உயிரைக் காப்பதைத் திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் 32ஆம் வசனம் எவ்வளவு உயரத்தில் வைத்திருக்கிறது என்பதையும் நாம் அறிவோம்.

இமாம் ஷாஃபிஈ (ரஹ்) போன்ற மேதைகள் மார்க்கக் கல்விக்கு அடுத்த இடத்தை மருத்துவத்திற்குத் தந்தார்கள். ஊரில் ஒருவரும் கற்காவிட்டால் ஊரார் அனைவரும் குற்றவாளியாகும் ஃபர்ளு கிஃபாயாக்களில் மருத்துவமும் ஒன்று என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) எழுதினார்கள். தம் காலத்தில் எல்லோரும் ஃபிக்ஹை நோக்கி ஓடி, மருத்துவத்தைப் பிறரிடம் விட்டுவிட்டதைக் கண்டித்தும் எழுதினார்கள்.

பெண் பிள்ளையைப் பல் மருத்துவம் படிக்க வைக்கத் தயங்கும் பெற்றோரே! ஹிஜ்ரி 5இல் அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்களை நாயகம் (ஸல்) அவர்கள் எங்கே வைத்துச் சிகிச்சை தரச் செய்தார்கள் என்று வரலாற்றில் பாருங்கள். மஸ்ஜிதுந் நபவியில் ருஃபைதா (ரலி) என்ற பெண்மணி அமைத்திருந்த கூடாரத்தில்! காயம்பட்டோருக்குச் சிகிச்சை தருவதையே தொண்டாகக் கொண்டிருந்தார் அவர். நம் தாய்மார்களும் சகோதரிகளும் வாயைத் திறந்து காட்ட ஒரு பெண் மருத்துவர் வேண்டும் என்று விரும்புகிறோம். ஆனால் நம் மகளை அந்தப் படிப்புக்கு அனுப்ப மறுக்கிறோம். இது என்ன நியாயம்?

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். பைத்துல்மாலிலிருந்து ஆண்டுக்கு ஒரு பிள்ளையின் மருத்துவப் படிப்புக்கேனும் உதவுங்கள். ஏழைகள் கைராசிக்காரரைத் தேடிச் செல்வது பணமில்லாததால்தான். அரசு மருத்துவமனையில் பல் சிகிச்சை கிடைப்பதை ஜும்ஆவில் அறிவியுங்கள். பல் எடுக்கச் செல்லும்போது, தாம் உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எங்கள் பள்ளியில் நான் அதைச் சொல்லத் தொடங்கிவிட்டேன்.

அந்தத் தாய் அல்லாஹ்வின் அருளால் குணமடைந்தார். நான் மன்னிப்புக் கேட்கச் சென்றபோது, "நீங்க நல்லதுன்னு நெனச்சுத்தானே சொன்னீங்க, ஹஜ்ரத்" என்றார். அவர் மன்னித்துவிட்டார். ஆனால் நல்லெண்ணம் மட்டும் இரத்தத்தை நிறுத்தாது என்பதை அவருடைய தலையணை எனக்குக் கற்றுத் தந்துவிட்டது.

யா அல்லாஹ்! எங்களுக்குப் பயனுள்ள கல்வியைத் தருவாயாக! எங்கள் பிள்ளைகளின் கைகளைப் பிறர் காயம் ஆற்றும் கைகளாக ஆக்குவாயாக! அறியாததை அறிந்ததாகச் சொல்வதிலிருந்து எங்கள் நாவுகளைக் காப்பாயாக! நோயுற்ற அனைவருக்கும் பரிபூரண ஷிஃபாவை வழங்குவாயாக! ஆமீன். யாரப்பல் ஆலமீன்!